ஆதாரம் போதாதா?



காரீயத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரு மனிதரைப் பற்றித்தான் தொடங்குவேன். அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி. விண்கல்லை வைத்துக் கணக்குப் போட்டு, இந்தப் பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்று சொன்னவர். அந்தக் கணக்குக்கு இம்மியளவு ஈயத்தை, அதாவது இந்தக் காரீயத்தை, அளக்க வேண்டும். அளக்க உட்கார்ந்தால் எங்கும் ஈயம்! மேசையில் ஈயம், தூசியில் ஈயம், தலைமுடியில் ஈயம்! ஆய்வகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார். கடல்நீரை அளந்தார், கிரீன்லாந்துப் பனிக்கட்டியை வெட்டி எடுத்து அளந்தார். பெட்ரோல் புகையைப் பார்த்து விரலை நீட்டினார்!

பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தது யார்? தாமஸ் மிட்ஜ்லி. 1921இல், எஞ்சின் நாக் அடிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. 1924இல், பெட்ரோலில் கலக்கும் அந்த ஈயத் திரவத்தைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலையில் 5 தொழிலாளிகள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது மிட்ஜ்லி என்ன செய்தார் தெரியுமா? அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார்! ஒரு நிமிடம் மூக்கருகில் வைத்து முகர்ந்து காட்டினார்! ஒன்றும் ஆகாது என்றார். முந்தைய ஆண்டுதான் ஈய நஞ்சு ஏறி, உடம்பைத் தேற்றிக்கொள்ளப் புளோரிடா போய் வந்திருந்தார் அவர்!

அப்படிக் கைகழுவிக் காட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். போன வாரம் மேடை போட்டு, "ஆதாரம் போதாது, தொழிலைக் கெடுக்காதீர்கள்" என்றார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைக்கு ஒரு நாள் வாருங்கள் ஐயா! கோடாரியால் ஒரே போடு. ஆசிட் மண்ணில் ஓடுகிறது. ஈயத் தகட்டைத் திறந்த உலையில் போட்டு உருக்குகிறார்கள். கையில் உறை கிடையாது, முகத்தில் துணி கிடையாது. அங்கே வேலை செய்கிற தம்பி சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறான். சட்டைத் தூசி பிள்ளையின் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நம் நாட்டில் 2001லேயே பழைய பேட்டரிக்கு விதி போட்டாயிற்று. 2022இல் புது விதியும் வந்தது. விதி காகிதத்தில் இருக்கிறது, உலை எரிகிறது!

தாய்மார்களே, நம் உடம்புக்கு இந்தக் காரீயத்தை அடையாளம் தெரியாது. சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பத்து, இருபது வருடம் கிடக்கும். ஒரு பெண் கர்ப்பமானால் எலும்பிலிருந்து இரத்தத்தில் இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும். குழந்தைக்குப் பாதி வரை ஒட்டும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். ஏழைப் பிள்ளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது! பாடம் ஏறாது, ஒரு இடத்தில் உட்காராது. நாம் என்ன சொல்கிறோம்? மக்கு என்கிறோம், அடிக்கிறோம்! அந்த அடியை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2020இல் யுனிசெஃப் சொன்னது: உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றின் இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம். நம் நாட்டில் மட்டும் 27 கோடிக்கு மேல்!

ரசம் வைக்கிற ஈயச்சொம்பையும் சொல்லிவிடுகிறேன். அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டுக் காரீயம் கலந்திருந்தால், புளியின் புளிப்பு அதைக் கரைத்து இலைக்கே கொண்டுவந்துவிடும். நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

என் மனிதரை விட்டுவிட்டேனே! 1965இல் அவர் உண்மையை எழுதினார். என்ன கிடைத்தது? ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராயத் தேசியக் குழு போட்டார்கள், அவரை மட்டும் சேர்க்கவில்லை! உலகத்திலேயே அதை அவரைப் போல் அளக்கத் தெரிந்தவர் இல்லை, அவருக்கு நாற்காலி இல்லை! அவர் ஓயவில்லை. பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, அமெரிக்கர்களின் இரத்தத்தில் ஈயம் முக்கால் பங்குக்கு மேல் இறங்கியது. சாலை வாகனங்களுக்கு முழுத் தடை வந்தது 1996 ஜனவரியில். அவர் கண்ணை மூடியது 1995 டிசம்பரில். கிளேர் பேட்டர்சன்! அந்தப் பெயருக்குக் கைதட்டுங்கள்! ... இன்னும் பலமாக!

2000இல் நம் நாட்டுப் பெட்ரோல் பங்குகளிலும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா, 2021. பெட்ரோலில் முடிந்தது, பேட்டரியில் ஏன் முடியாது? பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2016லேயே விதி வந்ததே, எத்தனை கடைக்காரர் டப்பாவைத் திருப்பிப் படித்துக் காட்டுகிறார்?

நம் அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை வேண்டும். ஊருக்குள் எரிகிற பேட்டரி உலைகளை மூட வேண்டும், அந்தத் தம்பிகளுக்குப் பாதுகாப்பான வேலை வேண்டும். மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் ஒருவரும் படி இறங்கக் கூடாது. திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்துக்கு நான் எடுத்துப் போகிறேன், கூட வருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள்!