பெருமை பேசினால் போதுமா?

(இளைஞர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊர்க் கலைகளையும் பழஞ்சின்னங்களையும் காக்கும் பணியில் இளைஞர்களை எவ்வாறு ஈடுபடுத்துவது என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குற்றப்பத்திரிகை ஒன்றைக் கையிலேந்தியே மேடை ஏறுகின்றனர். "கைப்பேசியிலே கண் வைத்தவன் கல்வெட்டிலே கருத்து வைப்பானா? திரைப்படப் பாட்டுக்குத் தாளம் போடுபவன் தெருக்கூத்தைத் திரும்பிப் பார்ப்பானா?" என்று கேட்கின்றனர். கேட்டுவிட்டு, கைதட்டலையும் பெற்றுக்கொண்டு, காரேறிச் சென்றுவிடுகின்றனர்.

நான் இளைஞர்களைக் குற்றக்கூண்டிலே நிறுத்த வரவில்லை. அவர்களுக்காக வாதாட வந்திருக்கிறேன். வரவில்லை, வரவில்லை என்கிறோமே, எதற்கு அழைத்தோம் அவர்களை? நாற்காலி அடுக்க அழைத்தோம். தோரணம் கட்ட அழைத்தோம். முன்வரிசையில் அமர்ந்து கைதட்ட அழைத்தோம். உன் ஊர்க் கல்வெட்டை நீயே படி, உன் ஊர்க் கூத்தை நீயே ஆடு என்று அழைத்தோமா? பார்வையாளனாக அழைக்கப்பட்டவன் பாதியிலே எழுந்து போவான். பணியாளனாக, பங்காளியாக அழைக்கப்பட்டவனே விடியும்வரை இருப்பான்.

வெறும் வாதம் அன்று இது. தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்றோர் ஊர். 2006 ஆம் ஆண்டு அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளிலே, அதாவது ஆநிரை கவரும் போரிலே, மாண்ட வீரன் ஒருவனைக் குறிக்கிறது. தொல்காப்பியம் வழங்கும் 'ஆகோள்' என்னும் அதே சொல், ஒரு சிற்றூரின் கல்லிலே கண் விழித்தது! கண்டறிந்தவர் யார்? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜனும், அவரோடு ஊர் ஊராக நடந்த ஆராய்ச்சி மாணவர்களும்! இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

பல்கலைக்கழகம்வரை போக வேண்டுவதுமில்லை. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில், அரசுப் பள்ளி மாணவ மாணவியர் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் வழியே பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றனர். கீழடியிலே கிடைத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதே, அது மன்னன் வெட்டுவித்த மெய்க்கீர்த்தி அன்று. அன்றாடம் புழங்கும் கலத்திலே எழுதப்பட்ட பெயர். தன் குறிப்பேட்டின் அட்டையிலே தன் பெயரை எழுதும் சிறுமியிடம் அந்த ஓட்டைக் காட்டுங்கள். வரலாறு வேந்தர்க்கு மட்டும் உரியதன்று, தனக்கும் உரியது என்பதை ஒரு நொடியில் உணர்ந்துகொள்வாள். 2023 ஆம் ஆண்டு கீழடியிலே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் அருமை அதுதான்.

ஆனால் தோழர்களே, கல் வேறு, கலை வேறு. கல்லைப் படித்துக் காத்தால் போதும். கலையோ, அதனைச் செய்யும் மனிதன் மானத்தோடு வாழ்ந்தால்தான் வாழும். இங்கேதான் நாம் பேசத் தயங்கும் உண்மை ஒன்று இருக்கிறது.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணினார் தொல்காப்பியர். உழவனுக்கும் ஒரு பறை, மீனவனுக்கும் ஒரு பறை என, நிலமெல்லாம் முழங்கிய கருவி அது. பின்னர் வந்த சாதிக் கொடுமை அதனைச் சாவு வீட்டு வாசலிலே நிறுத்தியது. அடித்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது. 'அடிக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமையையும் பறித்தது. அந்த இழிவைச் சுமந்த தந்தை, தன் மகன் கையிலே அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் ஏறக்கூடாது என்று நினைத்தால், அதனைக் கலையின்பால் அக்கறையின்மை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவன் வெறுத்தது இசையை அன்று, இழிவை!

இன்று நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் பறை கற்கின்றனர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள், ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட அக்கருவியைத் தம் விடுதலைக் குரலாக்கினர். மதுரையின் வேலு ஆசானுக்கும், கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான்! எனினும், நகரத்து மேடையிலே பறை முழங்கினால் பாராட்டு, சிற்றூரிலே அதே பறை முழங்கினால் சாதிக் கடமை என்ற நிலை எங்கேனும் இருக்குமானால், நம் மகிழ்ச்சி அரை மகிழ்ச்சியே. கலையைக் காப்போம், கட்டாயத்தை ஒழிப்போம்! இரண்டையும் ஒருசேரச் செய்யாத எந்த மரபுப் பாதுகாப்பும் பழைய விலங்குக்குப் புதுப்பூச்சுப் பூசும் வேலையே ஆகும்.

கூத்தும் அவ்வாறே. இரவு முழுதும் மரக்கட்டை அணிகளைச் சுமந்து, முகவீணையும் மத்தளமும் முழங்க ஆடுகிறான் கலைஞன். விடிந்ததும் அவன் மடியிலே இருக்கும் தொகை ஒரு குடும்பத்தைக் காக்கப் போதுமா? 1977 இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கி, புரிசைக் கூத்தின் பயிற்சியை நகரத்து இளைஞர்க்குக் கொண்டு சேர்த்தார். கற்றுத்தரும் ஆசானும் கற்க இடமும் இருந்தால் இளைஞர் வருவர் என்பதற்கு அது சான்று. ஆனால் பரம்பரைக் கலைஞனின் மகள், அந்தக் கலையைக் கற்று அதனால் வாழவும் முடியவேண்டுமே!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லேன். நாட்டுப்புறக் கலைஞர்க்கான நலவாரியமும், பூங்காக்களையும் வீதிகளையும் மேடையாக்கிய சென்னை சங்கமமும் 2007 ஆம் ஆண்டில் தோன்றின. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022 முதல் நடக்கிறது. நல்ல வித்துகள்! ஆனால் திருவிழா சில நாள். ஆண்டுக்கு நாட்கள் 365. எஞ்சிய நாட்களிலே அந்த வித்துக்கு நீர் வார்க்க வேண்டியவர்கள் நாம்.

எப்படி? மூன்று பணிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் படிப்பகங்கள் பத்திரிகை படிக்கும் இடங்களாக மட்டும் இருத்தலாகாது. வாரம் ஒரு மாலை, அவ்வூர்க் கலைஞர் ஒருவர் அங்கே ஆசானாக அமரட்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து கற்கட்டும். ஆசானுக்கு ஊதியம் உண்டு என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரின் இளைஞரும் ஊரேடு ஒன்று எழுதட்டும். எங்கே நடுகல், எங்கே கல்வெட்டு, எந்தப் பாட்டிக்கு எந்தத் தாலாட்டுத் தெரியும் என்பதெல்லாம் அதிலே ஏறட்டும். துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பது நடுகல்லாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு அடிக்கப்பட்ட சுவருக்குள்ளே எழுத்துகள் மூச்சுத் திணறலாம். கண்டால் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

மூன்றாவது, நம் நிகழ்ச்சிகளிலே ஊர்வலத்தின் முன்னே பறையும் நாயனமும் வருகின்றன. கூட்டம் தொடங்கியதும், முழக்கியவர்கள் மேடைக்குப் பின்னே தரையிலே அமர்கின்றனர். இனி அவர்களுக்கும் நாற்காலி வேண்டும். மாலை பிறகு வரட்டும். கூலி முதலில் வரட்டும்!

இளந்தோழர்களே! மரபு என்பது முன்னோர் விட்டுச் சென்ற பூட்டிய பெட்டி அன்று, வணங்கிவிட்டு நகர்வதற்கு. திறந்து பாருங்கள். உள்ளே முத்தும் இருக்கும், விலங்கும் இருக்கும். முத்தை எடுங்கள், விலங்கை உடையுங்கள். அந்த உரிமை உங்களுடையது. அந்த வேலையும் உங்களுடையதே!