வெடித்த ஜிமிக்கியில் கற்ற பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். கல்யாணம் ஆகி மானாமதுரைப் பக்கம் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. "நீ சுடுமண் நகை செஞ்சு முன்னுக்கு வந்த கதையைச் சொல்லு" என்று தலைவி அக்கா கேட்டாங்க. முன்னுக்கு வந்ததைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். நான் ஒரு தடவை பெரிசா ஏமாந்தேன். அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

எங்க பக்கம் மண்ணுக்குப் பேர் போன இடம். மானாமதுரை கடமும் பானையும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ, மண்ணில் செஞ்சு சுட்ட மணியும் காதணியும் கண்ணாடிக்குள்ள இருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு பொம்பளை போட்டுக்கிட்ட நகைதானே அது! அதைப் பார்த்ததில் இருந்து எனக்கும் ஆசை. பயிற்சிக்குப் போனேன். ஜிமிக்கி, தோடு, மாலை எல்லாம் கத்துக்கிட்டேன்.

முதல்ல பத்து செட், இருபது செட் என்று செஞ்சு கல்லூரிச் சந்தையில் வித்தேன். அங்கே ஒரு காலேஜ் பொண்ணு வந்து, "அக்கா, எங்க ஆட்ட நிகழ்ச்சிக்கு நாற்பது செட் ஒரே மாதிரி வேணும்" என்று சொல்லி முன்பணமும் கொடுத்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. குழுவில் ஆறாயிரம் உள்கடன் வாங்கினேன். பெயிண்ட், கம்பி, கொக்கி, மாலைக் கயிறு எல்லாம் மொத்தமா வாங்கிப் போட்டேன்.

அது ஐப்பசி மாசம். விடாத மழை. மண்ணு காயவே இல்லை. நாள் நெருங்குது. அடுப்புப் பக்கத்துல தட்டு தட்டா வச்சுக் காய வச்சேன். மேலே தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரி இருந்துச்சு. தகர டிரம்மில் வரட்டி அடுக்கி, நாற்பது செட்டையும் ஒரே தடவையா வச்சுத் தீ மூட்டிட்டேன்.

அரை மணி நேரம் ஆகல. உள்ளே படார் படார் என்று சத்தம். தீபாவளி வெடி மாதிரி. எங்க மாமியார் ஓடி வந்து, "என்னத்தா வெடிக்குது?" என்று கேட்டாங்க. எனக்குப் பேச்சே வரல. மறுநாள் ஆறின பிறகு திறந்தா, முழுசா இருந்தது ஒன்பது செட். அதுலயும் நான் வச்சிருந்த செம்புக் கம்பி வளையம் எல்லாம் கறுத்து, தொட்டாலே செதில் செதிலா உதிருது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். குழுக் கடன் தவணைக்குக் கையில் காசு இல்லை. குழுவில் சொல்ல வெட்கம். "ஆசைப்பட்டு அம்புட்டையும் கெடுத்துட்டா" என்று பேசுவாங்களோ என்ற பயம். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாம, என் தங்கத் தோட்டை அடகு வச்சு ரெண்டு மாசத் தவணை கட்டினேன். காதில் நான் செஞ்ச மண் தோட்டைப் போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குப் போவேன். விளம்பரத்துக்குப் போட்டிருக்கேன் என்று எல்லாரும் நினைச்சாங்க.

மூணாவது மாசம் எங்க ஊக்குநர் அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிக்கும்போது, "ஏம்மா, உன் தங்கத் தோடு எங்கே?" என்று கேட்டாங்க. நான் அழுதுட்டேன். எல்லாரும் மறுபடி உட்கார்ந்துட்டாங்க.

ஒரு மதினி நல்லா ஏசினாங்க. "பத்து செட் செய்யிறவ நாற்பதுக்கு ஏன் தலையை ஆட்டுன?" என்று கேட்டாங்க. நியாயமான ஏச்சு. ஆனா அவங்களேதான் அடுத்த மூணு மாசத்துக்கு நான் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானம் போடச் சொன்னாங்க.

எங்க குழுவில் வேளார் வீட்டு அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அஞ்சு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து சேமிப்பு கட்டுறவங்க. நான் ஒரு நாளும் அவங்ககிட்ட மண்ணைப் பத்திக் கேட்டதில்லை. அவங்க சொன்னாங்க: "ஆத்தா, மேல் தோல் காஞ்சா மண்ணு காஞ்சதுன்னு அர்த்தமா? உள்ளே ஈரம் இருந்தா சூட்டுக்கு அது ஆவியாகும். வெளியே வர வழி இல்லேன்னா உடைச்சுக்கிட்டுத்தான் வரும்." காஞ்சதா இல்லையா என்று பார்க்கக் கன்னத்துல வச்சுப் பார்க்கணுமாம். சில்லுனு இருந்தா ஈரம் இருக்கு. இவ்வளவுதான் விஷயம். இது தெரியாம ஆறாயிரம் போச்சு.

இன்னொரு தங்கச்சியோட வீட்டுக்காரர் கரண்ட் வேலை பார்க்கிறவர். "கரண்ட் அடுப்புச் சுருள் கம்பியைப் போட்டுப் பாருங்கக்கா. சூட்டைத் தாங்குறதுக்குன்னே செஞ்சது" என்று சொல்லுச்சு. நிக்ரோம் கம்பி என்று பேர். அதில் சின்ன வளையம் செஞ்சு மண்ணில் பதிச்சுச் சுட்டேன். உதிரவே இல்லை. செம்புக் கம்பியை இப்போ சுட்ட பிறகுதான் கோக்குறேன்.

அதுக்குப் பிறகு நான் எதையும் மொத்தமாச் செய்யிறது இல்லை. ஒரு நோட்டுப் போட்டேன். பத்து சென்டிமீட்டர் மண் பட்டை செஞ்சு காய வச்சுச் சுட்டு அளந்தேன். ஒன்பது சொச்சம் இருந்துச்சு. மண்ணு சுருங்கும், கம்பி சுருங்காது. அதனாலதான் கம்பியைச் சுத்திக் கீறல் விழுது. இப்போ ஓட்டையைக் கொஞ்சம் தளர்வா விடுறேன். மண்ணை வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நைஸ் மணல் சேர்த்துப் பிசையிறேன். முதல்ல ஈரத்துணி மூடி நிழல்ல, பிறகு வெயில்ல, ஒரு வாரம் காய விடுறேன். தீயும் முதல்ல உமியில் மெதுவாத்தான்.

பெயிண்ட்லயும் அடி வாங்கினேன். பளபளப்பா இருக்கும் என்று ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை ஜிமிக்கிக்கு அடிச்சேன். காயவே நாளாச்சு, வாடை போகல, தூசி ஒட்டுச்சு. அப்புறம் எனாமல், அக்ரிலிக், அக்ரிலிக் மேலே வார்னிஷ் என்று மூணு ஜோடி செஞ்சு, நானும் என் மகளும் மாத்தி மாத்திப் போட்டு வேர்வையில் பார்த்தோம். மூணாவதுதான் நின்னுச்சு.

போன வருஷம் மதுரையில் ஒரு கண்காட்சிக்குக் கடை போடப் போனேன். பக்கத்துக் கடையில் வெள்ளி நகை செய்யிற ஒரு அம்மா. அவங்க கையில் சப்பாத்தி மாவு மாதிரி ஒரு உருண்டை. "இது வெள்ளிக் களிமண்" என்றாங்க. நான் கேலி பண்றாங்க என்று நினைச்சேன். நிஜமாம். ஜப்பானில் கண்டுபிடிச்சதாம். சுத்த வெள்ளியைப் பொடியாக்கி, பசையும் தண்ணியும் சேர்த்துப் பிசைஞ்சது. நம்ம மண் மாதிரியே உருவம் செஞ்சு, காய வச்சுச் சுடணும். பசை எரிஞ்சு போயிடும், வெள்ளி ஒண்ணா இறுகிடும். எனக்குக் கடலை அளவு கொடுத்தாங்க. வேப்பிலை ஒண்ணு செஞ்சேன். கேஸ் டார்ச்சில் சுட்டதும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. கம்பி பிரஷ்ஷில் தேய்ச்சேன் பாருங்க, மினுமினு என்று வெள்ளி வந்துச்சு! என் கூட வந்த தங்கச்சி தீயைக் கொஞ்ச நேரம் கூடக் காட்டிட்டா. அவளோட இலை உருகிக் குண்டுமணியாப் போச்சு.

உண்மையான எனாமல் என்ன என்றும் அவங்கதான் சொன்னாங்க. கண்ணாடிப் பொடியைக் கலர் கலரா வச்சுச் சுமார் 800 டிகிரி சூட்டில் வெள்ளி மேலே உருக்குறது. வடக்கே மீனாக்காரி என்பது அதுதான். வெள்ளியே 960 டிகிரி சொச்சத்தில் உருகிடும். கொஞ்சம் கவனம் தப்பினாலும் போச்சு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த மண்ணு சாதா வெள்ளியை விட விலை அதிகம். இப்போதைக்கு எனக்குக் கட்டாது. ஆனா நான் அங்கே மலைச்சு நிக்கல. முழுசாக் காயணும், சுருக்கத்துக்கு இடம் விடணும், எந்தக் கம்பி தீயைத் தாங்கும் என்று பார்க்கணும். இதெல்லாம் என் நோட்டிலேயே இருக்கு. வேளார் வீட்டு அம்மா சொன்னது வெள்ளிக்கும் பொருந்துது.

இப்போ மழை மாசத்துல நான் ஆர்டர் எடுக்கிறது இல்லை. அந்த மாசங்களுக்குச் சேர்த்துச் சித்திரை, வைகாசியிலேயே மணியும் தோடும் சுட்டு வச்சுக்கிறேன். ஒரு செட் 150 ரூபாய். அதில் பொருள் செலவு 40 போக மீதி என் கூலி. கடனை முடிச்சு ஒன்பது மாசம் ஆச்சு. தோட்டையும் மீட்டுட்டேன். இதோ, காதில் இருக்கு.

சகோதரிகளே, நம்ம வரவு செலவு நோட்டில் லாபத்துக்குப் பக்கம் இருக்கு. கெட்டுப் போனதுக்கும் ஒரு பக்கம் போடுங்க என்று கேட்டுக்கிறேன். அப்பளம் நமுத்துப் போச்சா, ஊறுகாயில் பூஞ்சை வந்துச்சா, தச்ச ஜாக்கெட் திரும்பி வந்துச்சா, அந்த மாசக் கூட்டத்திலேயே சொல்லுங்க. நான் மூணு மாசம் மறைச்சேன், அடகு வட்டிதான் ஏறுச்சு. எனக்குத் தெரிய வேண்டிய பதில் ரெண்டும் என் பக்கத்துப் பாயிலேயே உட்கார்ந்திருந்துச்சு.

கூட்டமைப்புக்கும் ஒரு கோரிக்கை. சுடுமண் வேலை செய்யிறவங்களுக்கு மழை படாத கொட்டகையோட ஒரு பொதுச் சூளை வேணும். வேளார் வீட்டு அம்மாவைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டு, அவங்களுக்கு மதிப்பூதியமும் கொடுக்கணும்.