வெயில் தந்தது கூலி, மழை தந்தது சோறு!

(தலைப்பு: கந்தக பூமியை வாழ வைப்பது வெயிலா, மழையா?)

எதிரே உட்கார்ந்து வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே (சிரிப்பு)!

நான் ஆலங்குளத்திலிருந்து வருகிறேன். உடனே தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்னு நினைச்சிடாதீங்க. எங்களது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். பேருலயே குளம் இருக்கு. குளத்துல தண்ணி இருக்கான்னு மட்டும் கேட்டுடாதீங்க. (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால பேசின அண்ணன் ரொம்ப அழகாச் சொன்னாரு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்கு வந்தார்கள். இந்த வெயில் இல்லையென்றால் குச்சி காயுமா, திரி காயுமா, காகிதம் காயுமா என்று கேட்டார். காயாது. ஒத்துக்கிறேன். ஆனா அண்ணே, சரக்கைக் காய வைக்க வெயில் வந்துச்சு சரி, வேலை பார்க்க ஆள் எங்கேயிருந்து வந்துச்சு? மானாவாரிக் காட்டுலேர்ந்து வந்துச்சு. மழை ஏமாத்தினதால வந்துச்சு. காட்டுல ரெண்டு மழை ஒழுங்காப் பெய்திருந்தா, விடியக்காலையில தூக்குச்சட்டியோட வண்டிக்கு ஓடி வர்ற கூட்டத்துல பாதிப் பேரு காட்டுலயே இருந்திருப்பாங்க!

எங்க பூகோளம் அப்படி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குக் காத்து மட்டும். மாவட்டத்தில் வருஷத்துக்குப் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதை நம்பித்தான் கரிசக்காட்டுல மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறோம்.

அந்த ஐப்பசியிலதான் தீபாவளியும் வருது. இதுதான் ஐயா எங்க ஊர் விசேஷம். வானம் கறுத்தா, காட்டுல விதைச்சிருக்கிற புருஷன் முகம் மலரும். வெடி ஆபீசுக்குப் போற பொண்டாட்டி முகம் சுருங்கும். தூறல் விழுந்தா சரக்கு காயாது, அன்னைக்குக் கூலி இல்லை. தீபாவளி அன்னைக்கே மழை கொட்டினா கடைக்காரரிடம் சரக்கு தேங்கும், அடுத்த வருஷ ஆர்டர் குறையும். ஒரே வீட்டுக்குள்ள, ஒரே மேகத்தைப் பார்த்து ரெண்டு வேண்டுதல்! சாமி எதைத்தான் கேக்கும்? (சிரிப்பு)

இதை வைத்துத்தான் எதிரணி மழையை வில்லன் ஆக்கியது. நான் கணக்குக் கேட்கிறேன். மழையால போனது நாலு நாள் கூலி. மழை இல்லாமப் போனா? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. கரிசல் மண் பாளம் பாளமா வெடிச்சுது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம் இல்லை. குடத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துத் தண்ணி வாங்கினா, அந்த ஆபீஸ் கூலிதானே அதுக்கும் போகுது?

இன்னொண்ணு கேக்கறேன். பட்டாசை வாங்குறது யாரு? பட்டணத்துக்காரங்க மட்டுமா? விளைச்சல் வந்த வருஷம் சம்சாரி பிள்ளைகளுக்குச் சரவெடி வாங்குவான். வராத வருஷம் ஒரு பாக்கெட் மத்தாப்போட முடிச்சுக்குவான். வெடிக்கும் மழைதான் மூலதனம்! (பலத்த கைதட்டல்)

வெயிலோட இன்னொரு முகத்தையும் எங்க ஊர் பார்த்திருக்கு. கோடையில் மருந்து கலக்கும் வேலையைக் காலையிலேயே முடிச்சிரணும்பாங்க. சூடு ஏறின நேரத்துல ஒரு சின்ன உராய்வு போதும். எல்லா விபத்துக்கும் வெயில்தான் காரணம்னு நான் சொல்லலை. விதியை மீறி ஆளை அடைச்சு வேலை வாங்கினா எந்த மாசமும் ஆபத்துதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 உயிர்கள் போயின. ஆனா பொசுக்குற மதியத்துல, தகரக் கூரைக்குக் கீழ வேலை பார்க்குறவளிடம் போய் "வெயில்தான் உன்னை வாழ வைக்குது"ன்னு சொல்லிப் பாருங்க!

உடனே எதிரணியில கேப்பாங்க: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது வாழ வைத்ததா? எங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பெய்றதை விட அதிகம், பக்கத்து மாவட்டத்துல ஒரே நாள்ல! 2021 பொங்கல் சமயத்திலும் தப்பிய காலத்தில் மழை வந்து, அறுக்க இருந்த பயறு செடியிலேயே முளைத்தது. மறுக்கலை. கடல் சூடேறச் சூடேற, பெய்தா ஒரேயடியாப் பெய்யும், இல்லேன்னா காயும்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. அப்படி வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்கத்தானே நம்ம முன்னோர் கண்மாய் வெட்டினாங்க? அதுல இன்னைக்குச் சீமைக்கருவேலம் நிக்குது. தூர்ந்துபோன கண்மாயில தண்ணி நிக்கலேன்னா அது மழை மேல குத்தமா?

கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமா எடுத்துக்கலாம்னு 2017-ல் அரசு அனுமதி கொடுத்தது. அள்ளினா கண்மாயும் ஆழமாகும், காடும் தேறும். இந்தக் கோடையில எங்க ஊர்ப் பக்கம் எத்தனை வண்டி மண் போகுதுன்னு எதிரணி அண்ணன் வந்து எண்ணிப் பார்க்கட்டும். சாப்பாடு எங்க வீட்டுல, கம்மங்கஞ்சி. அதுவும் மழையில விளைஞ்சதுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க.