மஞ்சள் பஸ்ஸில் குடித்தனம்

அமெரிக்காவில் பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் போட்டு அதிலேயே குடியிருப்பவர்கள் நிறையப் பேர். அந்த வண்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கூலி'. அவற்றில் பெரும்பாலானவை பள்ளிப் பேருந்தாக ஓடி ஓய்வு பெற்றவை என்பதால் வந்த பெயர். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக 1960களின் ஹிப்பிகளிடமிருந்து ஆரம்பிப்பார்கள். நான் 1939-லிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் அப்போதுதான் போடப்பட்டது. போட்டவர் ஒரு கல்வியியல் பேராசிரியர்.

அவர் பெயர் ஃபிராங்க் சைர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்தவர், கிராமப் பள்ளிகள்மேல் அக்கறை கொண்டவர். நாடு முழுக்கப் பிள்ளைகள் எதில் ஏறிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று தேடிப் பார்த்தார். ஓர் ஊரில் லாரி. இன்னோர் ஊரில் கண்ட கண்ட நிறத்தில் பஸ்கள். கான்சாஸில் ஓரிடத்தில் கோதுமை ஏற்றும் குதிரை வண்டி. ஒவ்வொரு மாவட்டமும் ஒவ்வோர் அளவு கேட்டதால் கம்பெனிகளால் ஒரே மாதிரியாக மொத்தமாகத் தயாரிக்க முடியவில்லை. அதனால் விலையும் இறங்கவில்லை.

1939 ஏப்ரலில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொடுத்த 5,000 டாலரை வைத்துக்கொண்டு சைர் ஒரு மாநாடு கூட்டினார். அன்றைக்கு இருந்த 48 மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி ஆழ்ந்த ஆரஞ்சுச் சிவப்பு வரைக்கும் நிறத் துண்டுகளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்திலும் பொழுது சாயும்போதும் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும், அதன்மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். அப்படித் தேர்ந்ததுதான் இன்றைக்கும் நாம் படங்களில் பார்க்கும் அந்த மஞ்சள். நிறத்தோடு நிற்கவில்லை. வண்டியின் நீளம், உள்கூரையின் உயரம், நடைபாதையின் அகலம் என்று 44 விதிகளை வகுத்துவிட்டுத்தான் கலைந்தார்கள். அதன்பின் பள்ளி பஸ் ஆயிரக்கணக்கில், ஏறக்குறைய ஒரே அளவில், வெளியே வர ஆரம்பித்தது.

1977 ஏப்ரல் முதல் இன்னும் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பஸ் உருண்டாலும் பிள்ளைகள் நசுங்கக் கூடாது. அதற்காக, காலி வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைக் கூரை தாங்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. உள்தகரத்தை உரித்த ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தரையிலிருந்து கிளம்பி, கூரையில் வளைந்து, மறுபக்கத் தரையில் இறங்கும் எஃகு வளையங்கள் விலா எலும்புபோல வரிசையாக நிற்கின்றன. பல வருஷம் ஓடியபின் பள்ளி நிர்வாகம் இதை ஏலத்தில் விடும்போது, பிள்ளைகளுக்காகக் கட்டிய இந்தக் கூடு முழுசாக மலிவு விலைக்குக் கைமாறுகிறது. புதிதாக இப்படி ஒன்றைச் செய்யச் சொன்னால் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

வாங்கியவர்களுக்கு முதல் வேலை தரையில்தான். இருக்கைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருக்கும். ஸ்பேனருக்கு மசியாது, கிரைண்டரால் அறுக்க வேண்டும். ரப்பர் விரிப்பை உரித்தால் பிளைவுட், அதையும் பெயர்த்தால் எஃகுத் தகடு. பனி பெய்யும் ஊர்களில் பிள்ளைகளின் பூட்ஸிலிருந்து வழிந்த தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கே ஊறிக் கிடந்திருக்கும். கீழேயிருந்து சாலையில் தூவிய உப்பும் அரித்திருக்கும். துருவைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் பூசி, இன்சுலேஷன் போட்ட பிறகுதான் சமையல்கட்டு எங்கே, கட்டில் எங்கே என்ற பேச்சே.

இனி 1964. எழுத்தாளர் கென் கீஸி தன் கூட்டாளிகளோடு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட பஸ்தான் உலகத்திலேயே பேர்போன பஸ் வீடு. 1939 மாடல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அந்த மாநாடு நடந்த அதே வருஷத்து வண்டி. உடம்பு முழுக்க வண்ணச் சாயம், நெற்றியில் 'ஃபர்தர்' என்ற பெயர், ஸ்டியரிங்கில் கூட்டாளிகளில் ஒருவரான நீல் கசாடி. போதை மருந்து, பாட்டு, கூத்து என்று அந்தப் பயணத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால் கட்டில், சமையல்கட்டு, குளியலறை எல்லாம் கீஸி வாங்கும் முன்பே அதில் இருந்தன. அவருக்கு விற்றவர் பதினொரு பிள்ளைகளின் தகப்பன். விடுமுறைக்கு அவர்களைக் கூட்டிப் போவதற்காகச் செய்து வைத்திருந்தார். எனக்கு அந்தத் தகப்பன்தான் முக்கியமானவர். பஸ் வீட்டின் கதையை நான் குடும்பங்களின் கதையாகவே பார்க்கிறேன்.

அதற்கு இன்னும் பெரிய சாட்சி 1970-ல் கிடைக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் திங்கள்தோறும் வகுப்பு எடுத்துவந்த ஸ்டீபன் கேஸ்கின் நாடெங்கும் பேசப் புறப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் பழைய பள்ளி பஸ்களை வாங்கி, குடும்பத்தோடு பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். சுமார் 60 வண்டிகள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். முதல் பிரசவம் இல்லினாயில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்ற பஸ்ஸுக்குள்ளேயே நடந்தது. உடனிருந்தவர் ஸ்டீபனின் துணைவி ஐனா மே. ஆங்கில இலக்கியம் படித்தவர், மருத்துவம் படிக்காதவர். வழியில் ரோட் ஐலண்டில் ஒரு மகப்பேறு மருத்துவர் இரக்கப்பட்டு அவசரப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். 1971-ல் டென்னசியில் சம்மர்டவுன் அருகே நிலம் வாங்கி 'தி ஃபார்ம்' என்று பெயரிட்டுக் குடியேறியபோது, அந்த பஸ்களே முதல் வீடுகளாயின. அங்கே பேறுகாலம் பார்த்துப் பழகிய ஐனா மே 1975-ல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் மருத்துவச்சி முறைக்கே மறுவாழ்வு கொடுத்தது.

பிரிட்டனில் இந்தக் கதை கசப்பானது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிய 1980களில் பழைய கோச்சுகள், டபுள் டெக்கர்கள், ஆம்புலன்ஸ்களில் இளம் குடும்பங்கள் வாழ ஆரம்பித்தன. 1985 ஜூன் 1 அன்று, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத் திருவிழாவுக்கு இந்த வண்டிகளில் போய்க்கொண்டிருந்த சுமார் 600 பேரை வில்ட்ஷயரில் 1,300 போலீசார் மறித்தார்கள். வண்டிகள் ஒரு பயிர் வயலுக்குள் ஒதுங்கின. போலீசார் கண்ணாடிகளை அடித்து நொறுக்கினார்கள். குழந்தைகள் இருந்த வண்டிகளும் தப்பவில்லை. 537 பேர் கைது. அன்று உடைந்தவை வெறும் வாகனங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு வேறு வீடு இல்லை.

போலீசார்மேல் வழக்கு போட்டவர்களில் 21 பேருக்கு 1991-ல் 24,000 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. வழக்குச் செலவைத் தரும்படி உத்தரவிட நீதிபதி மறுத்ததால், அந்தப் பணம் செலவுக்கே போய்விட்டது. 1994-ல் வந்த சட்டம், அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் தங்க வந்த ஆறு வண்டிகள் சேர்ந்து நின்று, போகச் சொல்லியும் போகாவிட்டால் வெளியேற்றும் அதிகாரத்தைப் போலீசாருக்குக் கொடுத்தது. நாடோடிகளுக்கு இடம் ஒதுக்கும் கடமையிலிருந்து உள்ளாட்சிகளை விடுவித்தது. பஸ்ஸில் குடித்தனம் நடத்தியவர்கள் பலர் அந்த வருஷங்களில் படகேற்றி வண்டியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், பிரான்சிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பிள்ளைகளை வளர்த்தார்கள்.