சொட்டும் நீரைக் கண்டுகொள்வோம், வண்டியைக் காப்போம்

(தோட்டப் பாட்டாளி மக்களுக்கு ஆற்றிய உரை)



நம் தோட்டக் குடியிருப்புகளில் இன்று பல வீடுகளின் முன்னே ஒரு கார் நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் வயதேறிய வண்டிகள் பல. 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதன்முதலாக வெளிவந்த புரோட்டோன் சாகா வரிசையைச் சேர்ந்தவையும், 1994 முதல் 2009 வரை செய்யப்பட்ட பெரோடுவா கஞ்சில் வண்டிகளும் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்துள்ளன. பழைய வண்டி என்று அவற்றை இகழ்வதற்கில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு செல்வதும், முதியவர்களை அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதும், நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணைப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்ப்பதும் அந்த வண்டிகளே. அத்தகைய வேளையில் செம்மண் சாலையின் நடுவே வண்டி ஆவி கக்கி நின்றுவிட்டால் நம் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இயந்திரம் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிக் கொதிப்பதில்லை. பல நாட்களுக்கு முன்னரே சொட்டுச் சொட்டாக நீர் கசிந்து, வரப்போகும் கேட்டினை அது நமக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பைக் கண்டுகொள்வது எப்படி? கண்டுகொள்ளத் தவறி வண்டி வழியில் கொதித்துவிட்டால், உடலுக்கு ஊறு நேராமல் நடந்துகொள்வது எப்படி? இவ்விரண்டையும் இன்று உங்களுக்கு விளக்கிக் கூற விழைகிறோம்.

வெப்பம் போகும் வழி

முதலில் இயந்திரத்தின் உள்ளே நடப்பது என்னவென்று பார்ப்போம். பெட்ரோல் எரியும்போது பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு இயந்திரத்தின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை நீர் வாங்கிக்கொண்டு போய்க் காற்றில் விட வேண்டும். இல்லையேல் உலோகம் வளைந்துவிடும்.

இந்த நீரை ஒரு பம்பு ஓயாமல் சுற்றி அனுப்புகிறது. நம்மிடமுள்ள பழைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்பைச் சுழற்றுவது ஒரு ரப்பர் வார்; அதைத்தான் பெல்ட் என்கிறோம். சூடான நீர் மேல்குழாய் வழியே ரேடியேட்டருக்குள் சென்று, அதன் மெல்லிய குழல்களில் இறங்கிக் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே இயந்திரத்திற்குத் திரும்புகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. வண்டி நிற்கும்போது விசிறி அவ்வேலையைச் செய்கிறது.

இடையிலே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு ஒன்று உண்டு. நீர் போதிய சூடு அடையும்வரை அது மூடியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 பாகை செல்சியஸ் அளவில் அதனுள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, கதவு திறந்துகொள்ளும்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று எண்ணிவிடாதீர்கள். அது நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. திறந்த பானையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 0.9 என்று எண் பொறித்த மூடியின் கீழே ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. நீர் விரைவில் கொதித்து வெளியேறிவிடும். மூடியை மாற்றும்போது பழைய மூடியில் என்ன எண் உள்ளதோ, அதே எண்ணுள்ள மூடியையே வாங்க வேண்டும்.

காலை நேரத்துச் சோதனை

பால் வெட்டும் மக்களுக்குச் சொட்டின் மதிப்பைப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. மரத்திலிருந்து ஒவ்வொரு துளியாக வடியும் பால் சில மணி நேரத்தில் மங்கினை நிரப்பிவிடுகிறது. மங்கு நிறைவது போலவே ரேடியேட்டர் வற்றுவதும் துளித்துளியாகத்தான். ஆகவே, கிழமைக்கு ஒரு நாளேனும், இரவு முழுவதும் நின்று நன்றாகக் குளிர்ந்த வண்டியை வேலைக்குப் புறப்படும் முன் சோதித்தல் நன்று. மரம் வெட்டும்போது அணியும் நெற்றி விளக்கே இதற்குப் போதுமானது.

முதலாவதாக, இரவில் வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தெளிந்த நீர் குற்றமற்றது. பச்சையாகவோ சிவப்பாகவோ, தொட்டால் வழவழப்பாகவோ, துருநிறத்திலோ கறை தென்பட்டால் அது ரேடியேட்டர் நீர். கறை விழுந்த இடத்திற்கு நேர் மேலே பாருங்கள். கசியும் இடம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

இரண்டாவதாக, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து ரேடியேட்டர் நிறைய நீர் உள்ளதா என்று பாருங்கள். பக்கத்திலுள்ள சிறு புட்டியில் நீர் இருப்பதை மட்டும் கண்டு மனநிறைவு அடைந்துவிட வேண்டாம். மூடி பழுதாயின், புட்டியில் நீர் இருக்கும். ரேடியேட்டரோ வற்றிக் கிடக்கும்.

மூன்றாவதாக, ரப்பர்க் குழாய்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ரப்பரைப் பற்றி உங்களைவிட அறிந்தவர் யார்? இன்று இக்குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. மரத்துப் பாலில் செய்த ரப்பர் இடைவிடாத சூட்டை நெடுநாள் தாங்காது என்பதே காரணம். ஆயினும் செயற்கை ரப்பருக்கும் முதுமை உண்டு. ஊறிய அப்பம்போல் மெத்தென்று இருந்தாலும், காய்ந்த பட்டைபோல் வெடிப்பு விட்டிருந்தாலும், கிளிப்பின் அருகே பருத்திருந்தாலும், அந்தக் குழாயை உடனே மாற்றிவிட வேண்டும்.

நான்காவதாக, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்வாங்கினால் சரி. அதற்குமேல் தளர்ந்திருந்தாலும், ஓரம் பிசிறியிருந்தாலும் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். இந்த நான்கு சோதனைகளுக்கும் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

எப்போது கொதிக்கிறது என்று பாருங்கள்

நோய் எந்த நேரத்தில் வருகிறது என்று மருத்துவர் கேட்பார் அல்லவா? வண்டிக்கும் அக்கேள்வி பொருந்தும்.

தைப்பூச நாளில் பத்துமலையை நோக்கி வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது வெப்பமானி முள் ஏறி, சாலை விட்டு வண்டி ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால், குற்றம் விசிறியில் உள்ளது. விசிறியின் ஃபியூஸ், அதனை இயக்கும் சுவிட்சு, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நெரிசலில் நன்றாக இருந்து, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையிலோ நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போதோ கொதித்தால், ரேடியேட்டரின் குழல்கள் துருவாலும் சேற்றாலும் அடைபட்டிருக்கலாம். அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, மேல்குழாய் சூடாக இருக்கக் கீழ்க்குழாய் குளிர்ந்தே கிடக்கிறது என்றால், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது என்று ஐயுறலாம். அதனைக் கழற்றி ஒரு சட்டியில் நீரோடு வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். நீர் கொதிப்பதற்கு முன்பே கதவு திறக்க வேண்டும்.

“நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றி எறிந்துவிடலாம்” என்று கூறுவோர் உளர். அக்கூற்றை ஏற்க வேண்டாம். இயந்திரம் தனக்குரிய சூட்டை அடையாவிட்டால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். உள்ளுறுப்புகளும் விரைவில் தேயும். பழுதானதை மாற்றுவதே முறை.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பல பழைய வண்டிகளில் ஒரே பெல்ட்தான் நீர்ப் பம்பையும் மின்னாக்கியையும் சுழற்றுகிறது. அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்கலந்த காப்பி போன்ற படிவு, இயந்திரம் ஓடும்போது ரேடியேட்டர் நீரில் ஓயாத குமிழிகள், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை ஆகியவை தலைப்பகுதிக் கேஸ்கெட் பழுதின் அடையாளங்கள். அப்போது கசிவு அடைக்கும் மருந்தை ஊற்றிக் காலம் கடத்தாமல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். அம்மருந்து ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும்.

வழியில் கொதித்துவிட்டால்

முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடப்புறம் பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணையுங்கள். இன்னும் ஒரு மைல் போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். அந்த ஒரு மைலில்தான் அலுமினியத் தலைப்பகுதி வளைகிறது. ஆவி பறக்கும்போது முள் திடீரென்று கீழே இறங்கினால் சூடு தணிந்தது என்று மகிழவும் வேண்டாம். நீர் முழுவதும் வற்றி, சூட்டை அளக்கும் கருவி நீரில் படாமல் வெறுமையில் நின்றாலும் முள் இறங்கும்.

குழந்தைகளை வண்டியிலிருந்து இறக்கிச் சாலையோரத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஆவி அடங்கும்வரை பானெட்டைத் திறக்க வேண்டாம்.

இனி நாம் கூறப்போவதை வண்டி ஓட்டுவோர் மட்டுமன்றி வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே 100 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில், அழுத்தத்தால் அடங்கி நிற்கிறது அந்த நீர். மூடியைத் திருகிய கணமே அது ஆவியாகச் சீறி முகத்திலும் கண்ணிலும் மார்பிலும் பாயும். கையில் துணி சுற்றியிருந்தாலும் முகத்திற்குக் காப்பு ஏது? அரை மணி நேரமேனும் காத்திருங்கள். மேல்குழாயை வெறுங்கையால் அமைதியாகப் பிடித்திருக்க முடிகிற அளவு குளிர்ந்த பின்னரே, தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

சூடான இயந்திரத்தின் மீது நீரை வாரி இறைத்தலும், கொதித்த ரேடியேட்டருக்குள் குளிர்நீரைக் கொட்டுதலும் தவறு. உலோகம் விரிசல் விடக்கூடும். குளிர்ந்த பின் மெல்ல மெல்ல ஊற்றி நிரப்புங்கள்.

குழாய் நடுவில் கீறியிருந்தால், அதனைத் துடைத்து உலர்த்தி, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக நறுக்கி இழுத்து இறுகச் சுற்றிக் கட்டலாம். கீறல் நுனியில் மட்டும் இருந்து, குழாயும் நீளமாக இருப்பின், நுனியை வெட்டிவிட்டு மீண்டும் கிளிப்பை இறுக்கலாம். இவையெல்லாம் அருகிலுள்ள பட்டறை வரை மெதுவாகச் சென்று சேர்வதற்கான வழிகளே.

இத்தனை எச்சரிக்கைக்கும் பின்னர் எவரேனும் சுடப்பட்டால், சூடுபட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். பற்பசை, எண்ணெய், கிச்சாப் எதனையும் தடவ வேண்டாம். பனிக்கட்டியும் வைக்க வேண்டாம். தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஊர்தி இல்லையேல் 999 எண்ணை அழையுங்கள்.

எந்த நீரை ஊற்றுவது?

ஓடைநீரும் கிணற்று நீரும் அவசரத்திற்கு உதவும். ஆனால் அவற்றிலுள்ள மண்ணும் உப்பும் நாளடைவில் குழல்களில் படிந்து அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரோடு, வண்டிக்கு ஏற்ற ரேடியேட்டர்த் திரவத்தைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவது சிறந்தது. நம் நாட்டில் உறைபனி இல்லையே, அத்திரவம் எதற்கு என்று கேட்கலாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. பழைய பச்சைவகைத் திரவத்தை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வகை வேறான திரவங்களை ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். இத்திரவத்தில் பலவும் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. பிள்ளைகளோ நாயோ பருகினால் உயிருக்கே கேடு. அதனைப் பழைய பானப் புட்டியில் ஊற்றி வைத்தல் கூடவே கூடாது. தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

அன்பர்களே! ஒரு ரப்பர்க் குழாயோ ஒரு மூடியோ வாங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வளைந்த இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிடும் செலவோ பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். வெந்த முகத்திற்கு விலையே இல்லை. நாளைக் காலை வேலைக்குப் புறப்படும் முன், உங்கள் வண்டியின் அடியில் ஒரு கணம் ஒளியைச் செலுத்திப் பாருங்கள். அங்கே ஒரு சொட்டு நீர் பளபளத்தால், அதனை அன்றே கவனியுங்கள்.