மைத்திரித் தியானம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து இளைஞர் சபையிலே பௌத்த தியானமொன்றைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் பதஞ்சலியாரின் யோகசூத்திரமும் சித்தம் தெளியும் வழியாகக் கூறுகின்றது. ஆகவே இது இரு வீட்டாருக்கும் பொதுவான கிணறு.

பகைவரையும் நேசிக்க வேண்டுமென்று நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே போதித்தார்கள். எவ்விதம் நேசிப்பது என்பதே என் வினா. அதற்கு முறையானதொரு பயிற்சியை 'விசுத்திமக்கம்' கூறுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில், நம் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோச தேரர் பாளியில் இயற்றிய நூல் அது.

தியானஞ் செய்பவர் முதலில் தமக்கே நலம் வேண்டுகிறார். இது சுயநலமன்று, தம்மைப் போலவே பிறரும் இன்பத்தை விரும்புவர் என்பதற்குத் தம்மையே சாட்சியாக வைத்தலாகும். அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியர், பின் அன்பான நண்பர், அதன்பின் வேண்டியவரும் வேண்டாதவருமல்லாத ஒருவர், ஈற்றிலே பகைவர். பகைவரிடத்தே தொடங்கலாகாது; கோபமே மேலெழும். இடையிற் கோபம் வந்தால் முந்திய படிக்கு மீண்டு, மனங் கனிந்தபின் மறுபடி முயல வேண்டும்.

இப்பயிற்சி முற்றியதா என்று அறிய அந்நூல் ஒரு சோதனை தருகின்றது. தாமும் நண்பரும் அயலாரும் பகைவருமாக நால்வர் இருக்குமிடத்தே கள்வர் வந்து, ஒருவரைத் தருக என்கின்றனர். பகைவரைக் கொடுக்க நினைத்தால் மைத்திரி நிறையவில்லை என்பது வெளிப்படை. 'என்னைக் கொண்டுபோங்கள்' என நினைத்தாலும் நிறையவில்லையாம்! கொடுக்கத்தக்கவர் ஒருவருமிலர் என்று கண்டபோதே எல்லை உடைந்தது.

பெரியோர்களே, 2009இல் யுத்தம் முடிந்தது. இழந்தவற்றை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மைத்திரியும் அதைக் கேட்கவில்லை. நீதியைக் கேட்பவர் நெஞ்சிலே வெறுப்பும் இருந்தாக வேண்டுமென்பதில்லை. ஆனால், இந்நாட்டிலே பிறந்த அந்நூலின் சோதனையில் இந்நாட்டார் அனைவருமே பலமுறை தவறினோம். யாரோ ஒருவரைக் கொடுத்துவிடலாமென்று எல்லாப் பக்கத்தாரும் எண்ணினோம்.

இளைஞர்களே, நாளைக் காலை பத்து நிமிடம் அமர்ந்து தொடங்குங்கள். பகைவரைப் பின்னர் பார்க்கலாம். நாள்தோறும் எதிரே வந்தும் நாம் பெயர் கேட்டறியாத ஒருவர், நம் மொழி பேசாத ஒருவராயினும், நலமாயிருக்க வேண்டுமென்று மனமார எண்ணிப் பழகுவோம்.