பந்தி விசாரணை



இன்று பட்டம் பெற்றிருக்கும் தம்பி தங்கையரே, இப்படிப்பட்ட மேடையில் சாதித்ததைச் சொல்வதுதான் வழக்கம். நான் தப்பாகத் தொடங்கிய ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே அதே தப்பைச் செய்யாமல் இருந்தால், நான் இங்கே வந்துபோன பஸ் செலவு வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

2020இல் நெல்லைச் சீமையில் ஒரு சேகரத்துக்கு ஆயராக இருந்தேன். தாய்ச் சபையில் 240 குடும்பங்கள், சுற்றிலும் நான்கு கிளைச் சபைகள். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அன்று கோயில் கதவு திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. லெந்து காலம் வேறு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஓலையும் இல்லை, பவனியும் இல்லை. வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் பிரசங்க பீடத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு, இரண்டு பாமாலைப் புத்தகங்களுக்கு நடுவே தன் செல்போனைச் சொருகி நிறுத்தினான். காலி பெஞ்சுகளைப் பார்த்து நாற்பது நிமிடம் பிரசங்கித்தேன். அன்றிரவு ஒன்பது மணிக்கு ஊரெல்லாம் விளக்கேற்றி வாசலில் நின்றபோது, யூடியூபில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 312. மனசு நிறைந்துவிட்டது. அதில் நான்கு தடவை பார்த்தது நானேதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பெரிய வெள்ளியின் ஏழு வார்த்தைகளும், ஏப்ரல் 12 ஈஸ்டர் அதிகாலை ஆராதனையும் அதே ஸ்டூல், அதே போன். சபையைச் சிதறாமல் காத்துவிட்டேன் என்றே நம்பினேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம், தெற்கு வாசல் தூணோரம் உட்காரும் பாட்டியம்மா ஒருவருக்குப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டியவர். வீட்டில் தனியாள். எடுத்ததும் கேட்டார்: “ஐயா, ஏன் மணி அடிக்காம விட்டுட்டீய? ஈஸ்டர் அன்னைக்கி மூணு மணிக்கே குளிச்சி வெள்ளச் சேல கெட்டி உக்காந்திருந்தேன். மணியும் அடிக்கல, ஒரு ஆளும் வரல. விடிஞ்ச பெறவு சேலய மாத்திக்கிட்டேன்.”

மணி அடித்தால் கூட்டம் கூடிவிடும் என்று பயந்து அதை நிறுத்தச் சொன்னவன் நான்தான். அவர் கையில் இருந்தது பட்டன் போன். அந்த 312இல் அவர் எப்படி இருப்பார்?

அன்று சாயங்காலம் சந்தா நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். அதுவரை அந்த நோட்டை யார் பாக்கி என்று பார்க்கத்தான் திறந்திருக்கிறேன். முதல் தடவையாகப் பெயர்களைப் படித்தேன். எந்த வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இல்லை, எந்த வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தும் அது பிள்ளைகளின் பாடத்துக்குப் போய்விடுகிறது, யாருக்குக் கண் தெரியாது, யாருக்கு டயாலிசிஸ் என்று பேனாவால் குறித்தேன். குறிக்க முடியாத பெயர்கள்தான் அதிகம். ஏழு வருடம் அந்தச் சபையில் இருந்திருக்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், வாலிபர்கள் என்று இருபது பேரைப் பிடித்தோம். ஆளுக்குப் பன்னிரண்டு வீடு. வாரம் ஒரு தடவை போன். கேட்க வேண்டிய கேள்வி மூன்று: அரிசி இருக்கிறதா? மாத்திரை இருக்கிறதா? இந்த வாரம் யாரோடாவது வாய்விட்டுப் பேசினீர்களா? பிரசங்கம் பண்ணக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கலாம், அதுவும் கடைசியில். ஜூம் கூட்டமும் நடத்தினோம். காசு கட்டாத ஜூம் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், பெரும்பாலும் நான் ஆசீர்வாதம் சொல்லக் கை தூக்கும் நேரத்தில். பட்டன் போன்காரர்களை ஐந்தைந்து பேராகக் கான்ஃபரன்ஸ் காலில் சேர்த்தோம். ஒருவர் இருமினால் ஐந்து வீட்டுக்கும் கேட்கும். கீர்த்தனை பாடினால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். ஆனாலும் பாடினார்கள்.

மறு ஞாயிறே மணியும் அடித்தது. “அவரவர் வீட்டில் இருந்து ஜெபிக்கவும்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டோம். ஒருவரும் கூடவில்லை.

அந்த நோட்டில் ஆறு வருடமாகக் கோயில் பக்கமே வராத ஒரு குடும்பமும் இருந்தது. ஏதோ பழைய மனஸ்தாபம். அந்த வீட்டுக்கு நானே போன் செய்தேன். குடும்பத் தலைவர் நிதானமாகச் சொன்னார்: “ஐயா, கோயில் தொறந்து கெடந்த வரைக்கும் எங்கள யாரும் விசாரிக்கல. பூட்டுன பெறவுதான் விசாரிக்கிய.”

தம்பி தங்கையரே, கொள்ளைநோய் சபையைப் பிரித்துவிட்டது என்று நாம் பேசுகிறோம். எங்கள் சபையில் அது புதிதாகப் பிரித்தது கொஞ்சம்தான். முன்பே பிரிந்து கிடந்ததை மூடியிருந்த கூட்டத்தை விலக்கிக் காட்டிவிட்டது.

அந்தக் குடும்பத் தலைவர் சொன்ன ‘விசாரிப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். காவல் நிலையத்திலும் அது உண்டு, கல்யாண வீட்டிலும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததைப் படித்திருப்பீர்கள். அங்கே நம் பழைய தமிழ் வேதாகமம் ‘பந்திவிசாரணை’ என்கிறது. பந்தி விசாரிப்பவர் எப்படிப்பட்டவர்? மைக்கில் வரவேற்புரை வாசிக்கிறவர் வேறு ஆள். இவர் வரிசைக்குள் நடந்துபோய் ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறவர். எந்த இலையில் சாம்பார் விழவில்லை, எந்தத் தாத்தா கேட்கக் கூச்சப்படுகிறார் என்று கண்டுபிடிக்கிறவர். அப்போஸ்தலர்கள் தங்களுக்கு வசன ஊழியம் இருக்கிறதே என்று அதற்கென ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஏழில் ஒருவரான ஸ்தேவான்தான் சபையின் முதல் இரத்தசாட்சி. சின்ன வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வரலாற்றிலிருந்து இரண்டைச் சொல்கிறேன். 1665இல் இங்கிலாந்தின் ஈம் என்ற கிராமத்தில் பிளேக் புகுந்தது. அடுத்த கோடையில் போதகர் வில்லியம் மாம்பெசன் ஊரைத் தனிமைப்படுத்த முடிவெடுத்தார். கொள்கை வேறுபாட்டால் பதவி இழந்திருந்த முந்தைய போதகர் தாமஸ் ஸ்டான்லியின் துணையில்லாமல் ஊர் இணங்கியிருக்காது. இருவரும் சேர்ந்து நின்றார்கள். கோயிலைப் பூட்டிவிட்டு, குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு வெட்டவெளியில் ஆராதித்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள், இவர்கள் காசை வினிகரில் போட்டு வைப்பார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார். அங்கேயும் கோயில் பூட்டியிருந்தது, பந்தி நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்று நம் வீட்டுக் கதை. 1780இல் பாளையங்கோட்டையில் ஒரு சபைப் பதிவேடு தொடங்கியது. அதில் 40 பெயர்கள். கிளாரிந்தா அம்மையார் அவர்களில் ஒருவர். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்வார்ட்ஸ் ஐயர் இருந்ததோ தஞ்சாவூரில். அம்மையாரின் முயற்சியில் எழுந்த கோயில் பிரதிஷ்டையானது 1785இல். அந்தக் கோயிலைவிட அந்த நோட்டுக்கு ஐந்து வயது மூப்பு. ஆயர் பக்கத்தில் இல்லாமல், பெயர்களாகத்தான் திருநெல்வேலிச் சபை தொடங்கியது.

எங்கள் கிளைச் சபைகள் 2020 ஜூலை 1 அன்று திறக்க அனுமதி பெற்றன. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. கதவைத் திறக்கலாம், ஞாயிறு ஆராதனை கிடையாது. செப்டம்பர் 6, முதல் ஞாயிறு, தாய்ச் சபையில் திருவிருந்து. பாதி பெஞ்சுக்குக் குறுக்கே கயிறு. பாட்டியம்மா வெள்ளைச் சேலையில் தூணோரம் இருந்தார். மனஸ்தாபக்காரர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

2021இல் இரண்டாம் அலை. மே மாதம் பாட்டியம்மா போய்விட்டார். அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள். அவர் பெயர் இருந்த பன்னிரண்டு வீட்டுப் பட்டியலை வைத்திருந்த தங்கச்சி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றது. வாரம் தவறாமல் ஒரு வருடம் பேசிய பிள்ளை. நான் மணியடிக்கச் சொன்னேன்.

உங்களில் பலர் என்னைவிட நன்றாகக் கேமரா பிடிப்பீர்கள். பிடியுங்கள், வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு அது வேண்டும். ஆனால் முதல் சேகரத்தில் பொறுப்பேற்கும் அன்று, கோயில் சாவியோடு நோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் அதில் உள்ள எல்லாப் பெயரையும் முகத்தோடு அறிந்துகொள்ளுங்கள். அடுத்த கொள்ளைநோய் சொல்லிக்கொண்டு வராது. அது வந்தபிறகு பெயர் கற்க நேரம் இருக்காது.

சற்று முன் இந்த மேடையில் உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ‘தேர்ச்சி பெற்ற அனைவரும்’ என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் விழா அரை மணி முன்னதாக முடிந்து, நமக்கெல்லாம் சாப்பாடு கிடைத்திருக்கும். யாரும் அதைக் கேட்கவில்லை. உங்கள் பெயர் வந்தபோது பின்வரிசையில் உங்கள் அம்மா எழுந்து நின்றதை நான் இங்கிருந்து பார்த்தேன். அந்த நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் அப்படி வாசியுங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. வாழ்த்துகள்.